காலி இடத்தில் இருபது வாளிப் பூ

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் வந்து என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

பொய்யைச் சொன்னவன் நான். சொன்ன இடம் பேருந்துப் பணிமனையின் கேன்டீன், ஜன்னலோர மேஜை. அந்தப் பணிமனையில் முப்பத்தாறு வருடம் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று நோட்டில் எழுதுகிற வேலை. எழுதியதில் பாதி கற்பனை. ஆகையால் ஓய்வுக்குப் பிறகு கதை எழுத எனக்குத் தனிப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை.

அன்றைக்கு நான் சொன்னது இதுதான்: "நம்ம பணிமனைத் தேனீங்க ஒரு நாள்கூட லேட்டா வந்ததில்ல. ஒரு தடவை என் கடிகாரம் நின்னுபோச்சு. ராணித் தேனீ ஆள் அனுப்பி மணி சொல்லிச்சு."

ஓர் ஓட்டுநர் சிரித்து டீயை மூக்கில் ஏற்றிக்கொண்டார். சமையற்காரி மட்டும் சிரிக்கவில்லை.

"பெரியவரே, அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை உள்ளபடி சொன்னாலே யாரும் நம்ப மாட்டாங்க. அதுல நீங்க வேற எதுக்குப் பொய்யைக் கலக்கறீங்க? உக்காந்து எழுதுங்க. ஒழுங்கா எழுதுங்க."

"முழுசா உண்மையா எழுதினா கதை வராதேம்மா."

கரண்டியை என் பக்கம் நீட்டினாள்.

"சரி. பாதி. பாதிக்கு மேல பொய் போச்சுன்னா அன்னிக்கு டீ கிடையாது."

ஆக, நீங்கள் படிக்கிற ஒவ்வொரு பக்கமும் அவள் கண்ணைத் தாண்டித்தான் வருகிறது. அடைப்புக்குறிக்குள் யாராவது என்னைத் திட்டினால் அது அவள்தான்.

(நான் திட்டவே இல்ல. இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே.)

2

தொடக்கம்தான் கஷ்டம். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "வசந்தம் தன் மெல்லிய விரல்களால் பணிமனையின் கன்னத்தை வருடியபோது—"

பணிமனைக்குக் கன்னம் கிடையாது. தகரக் கூரையும் கிரீஸ் படிந்த தூண்களும்தான் உண்டு. வருடினால் விரல்தான் கறுப்பாகும். விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "பணிமனை வாசலில் ஒரு குழி இருந்தது. பதினோரு வருடமாக இருந்தது. மழைக்காலத்தில் ஒரு வாத்துக் குடும்பம் அதில் குடியேறி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணமும் செய்துவைத்து—"

(ஒரே ஒரு வாத்துதான். அதுவும் ரெண்டு நாள்தான் இருந்துச்சு.)

சரி, வாத்தை விட்டுவிடலாம். குழியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு வேண்டும்.

மூன்றாவது தொடக்கம் ஒரே ஒரு சொல். இதையே வைத்துக்கொள்கிறேன்.

காலி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேனேஜரின் மேஜையில் டீயை வைக்கப் போனபோது சமையற்காரி அந்தச் சொல்லைத் தலைகீழாகப் படித்தாள். மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றே இருபது வருடம் டீ கொடுத்தவளுக்கு நேராகப் படிப்பதைவிடத் தலைகீழாகப் படிப்பது சுலபம். அது ஒரு படிவம். சிமென்ட் தளம் போடவேண்டிய இடம்: கேன்டீனுக்குப் பின்புறம். நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு. மூன்றாவது வரியில் 'இடத்தின் தற்போதைய பயன்பாடு' என்று அச்சடித்திருந்தது. அதற்கு எதிரே மேனேஜரின் அழகான கையெழுத்தில், காலி.

"சார், இது எந்த இடம்?"

"பின்னாடி இருக்கற இடம்தாம்மா. ரெண்டு வண்டி தாராளமா நிறுத்தலாம்."

"அது காலியா சார்?"

மேனேஜர் உண்மையிலேயே குழம்பிப்போய் நிமிர்ந்தார். "அங்க வண்டி எதுவும் நிக்கலையேம்மா?"

அவரைப் பொறுத்தவரை உலகில் இரண்டே வகை இடங்கள். வண்டி நிற்கிற இடம், வண்டி நிற்காத இடம்.

"வெள்ளிக்கிழமை காலையில தலைமை ஆபீஸ்லேருந்து மேடம் வராங்க. பாத்துட்டுக் கையெழுத்துப் போடுவாங்க. திங்கட்கிழமை சிமென்ட் வண்டி வந்துடும். மேடத்துக்கு மதியச் சாப்பாடு உங்க பொறுப்பு. நல்லாப் பண்ணிடுங்க."

தன் தோட்டத்தை மூடப்போகிற கையெழுத்துக்குத் தன் கையாலேயே சமைத்துப் போட வேண்டும். அவள் டீ டம்ளரின் அடியைத் துணியால் துடைத்து வைத்துவிட்டு வெளியே வந்தாள். அந்தப் படிவத்தில் அந்தச் சொல் இருக்கக் கூடாது. அது மட்டும்தான் அவள் மனதில் ஓடியது.

3

அந்த இடம் காலால் அளந்தால் நாற்பது எட்டு நீளம், பதினோரு எட்டு அகலம். ஒரு பக்கம் கேன்டீன் சுவர், மறுபக்கம் ஒர்க்‌ஷாப்பின் முதுகு. நான்கு வருடத்துக்கு முன்பு அதில் அவள் முள்ளங்கி, வெங்காயம், கடுகு, கொத்தமல்லி, பூசணி என்று சமையலுக்கு வேண்டியதை மட்டும் போட்டிருந்தாள். பறித்தோமா, நறுக்கினோமா, அடுத்த பாத்திக்குப் போனோமா என்று ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

அந்த வசந்தத்தில் ஒர்க்‌ஷாப் எண்ணெயில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். மூன்று வாரம் வீட்டில். திரும்பி வந்தபோது தோட்டம் அவளைக் கேட்காமல் பூத்துத் தள்ளியிருந்தது. முள்ளங்கி நெஞ்சுயரம் நின்றது. கிழங்கு கட்டையாகிவிட்டது, இலை கசப்பாகிவிட்டது, தலையில் மட்டும் வெள்ளையும் ஊதாவுமாக ஆயிரம் பூ. வெங்காயத் தாள்கள் உருண்டை உருண்டையாகப் பூவைத் தூக்கிப் பிடித்திருந்தன. இனி இது எதற்கு ஆகும் என்று அரிவாளை எடுத்துக்கொண்டு போனாள்.

குனிந்ததும் சத்தம் கேட்டது. எஞ்சினை அணைக்காமல் விட்டுப்போன வண்டியின் சத்தம் போல, ஆனால் எங்கிருந்து என்று சொல்ல முடியாமல், பாத்தி முழுவதிலிருந்தும்.

தேனீக்கள்.

எங்கிருந்து வருகின்றன என்று கண்ணாலேயே பின்தொடர்ந்தாள். சுவரோரம் ஓடாமல் நிற்கிற பழைய பதினாலாம் நம்பர் வண்டி. அதன் நெற்றியில் ஊர்ப் பெயர் காட்டும் பெட்டி. அதற்குள்தான் குடியிருப்பு. பெட்டியின் கண்ணாடியில் கடைசியாகச் சுருட்டிய பெயர்த்துணி அப்படியே சிக்கி நின்றது: 'சேவையில் இல்லை'.

அரிவாளைக் கீழே வைத்தாள். ஒரு முள்ளங்கிப் பூவைக் கிள்ளி வாயில் போட்டாள். முதலில் இனிப்பு, அப்புறம் மூக்கு நுனியில் முள்ளங்கியின் காரம், வந்த சுவடு தெரியாமல் போய்விடுகிற காரம். அன்று மதிய ஆம்லெட்டில் நான்கு பிடி தூவினாள்.

"அக்கா, என்ன இது, தட்டுல பூ? நாங்க சாப்பிட வந்தோமா, மாலை மாத்த வந்தோமா?" என்றார் ஒரு கண்டக்டர்.

பக்கத்தில் இருந்த ஓட்டுநர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் பூ குடுத்ததே இல்லக்கா."

"குடுத்தாச்சு. ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க."

ஒரு வாரத்தில் பூ இல்லாத ஆம்லெட்டைத் திருப்பி அனுப்பினார்கள்.

(ஒரு வாரம் இல்ல. ஒரு மாசம். ஆம்பளைங்க ஒரு வாரத்துல எதையும் ஒத்துக்க மாட்டாங்க.)

4

இங்கே ஒரு சின்னக் கட்டுரை. சமையல் பிடிக்காதவர்கள் ஐந்தாம் பகுதிக்குத் தாவலாம். ஆனால் பிறகு வாளி ஏன் வந்தது என்று என்னைக் கேட்கக் கூடாது.

பூவைச் சமைப்பதில் அவள் மூன்று விதிகளை வைத்திருந்தாள்.

ஒன்று: பாதிதான் பறிக்கலாம். ஒரு தண்டில் பத்துப் பூ என்றால் ஐந்து சட்டிக்கு, ஐந்து தேனீக்கு. டீயையும் அரை டம்ளர்தான் ஊற்றுவாள், வேண்டுமென்றால் மறுபடி வாங்கிக்கொள்ள வேண்டும். இதனாலெல்லாம் பணிமனையில் அவளுக்குப் பாதியக்கா என்று பெயர். பூசணியில் ஆண் பூவை மட்டும், அதிலும் பாதி. அடியில் குட்டிப் பிஞ்சோடு இருக்கிற பெண் பூவைத் தொடவே மாட்டாள்.

"ஆம்பளைன்னா எண்ணெய்ச் சட்டிதானாக்கா?" என்று கேட்டார்கள்.

"வேற எதுக்கு ஆவீங்க?"

இரண்டு: பத்தரை மணிக்கு முன்னால் கத்தரி எடுக்கக் கூடாது. பூ திறந்ததும் தேனீக்களுக்கு முதல் பந்தி. அவை முடித்த பிறகுதான் நமக்கு.

மூன்று: சட்டியில் போடும் முன் ஒவ்வொரு பூசணிப் பூவையும் விரலால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். பத்தரைக்கு மேல் அந்தப் பூ வாயை மூடிக்கொள்ளத் தொடங்கிவிடும். உள்ளே யாராவது தூங்கிப்போயிருப்பார்கள்.

இந்த மூன்று விதிகளும் நான்கு வருடம் ஒரு நாள்கூட மீறப்படவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மூன்றில் இரண்டு, விடிவதற்குள் மீறப்பட்டன.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான்.

மேனேஜரை வில்லனாக்கிப் பார்த்தேன். முறுக்கு மீசை வைத்தேன், கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். "ஹா ஹா, தேனீக்களே, உங்கள் காலம் முடிந்த—"

(அவருக்கு மீசையே கிடையாது. பாவம், தேனீயைக் கண்டா தூணுக்குப் பின்னாடி ஒளியற மனுஷன். சின்ன வயசுல காதுல கொட்டியிருக்கு.)

மீசையை எடுத்துவிட்டேன். வில்லன் இல்லாமலேயே போவோம். இந்தக் கதையில் கெடுதல் செய்தது அன்புதான், அதுவும் அதிகாலை ஐந்து மணிக்கு.

சமையற்காரியின் கொழுந்தன் அதே பணிமனையில் மெக்கானிக். எதையும் முன்கூட்டியே செய்கிற ஆள். எட்டு மணி ஷிப்டுக்கு ஏழு மணிக்கு வருவார். தன் கல்யாணத்துக்கு முந்தின நாளே புதுச் சட்டை போட்டுக்கொண்டு மண்டபத்தில் போய் நின்றார்.

(இது உண்மை. நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன்.)

அண்ணி பாதிதான் பறிப்பாள் என்று அவருக்குத் தெரியும். மீதிப் பாதி யாருக்கு என்பதுதான் தெரியாது. பத்தரை மணிக்கு அவர் எப்போதும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். மீதியை நாளைச் சமையலுக்கு வைக்கிறாள் என்றே நான்கு வருடமும் நினைத்திருந்தார். இப்போது நாளை என்பதே இல்லை, திங்கட்கிழமை சிமென்ட். பிறகு யாருக்காக மிச்சம் வைப்பது? இருக்கிற அத்தனையும் மேடத்தின் தட்டுக்குப் போகட்டும், அண்ணி ஜெயிக்கட்டும் என்று கணக்குப் போட்டார். அவர் கணக்கில் நான் ஒரு தப்பும் காணவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன், ஐந்து மணிக்கு எழுந்திருக்க மாட்டேன் என்பதைத் தவிர.

வண்டி கழுவுகிற வாளிகளைச் சுத்தமாகத் தேய்த்து, தண்ணீர் பிடித்து, நாற்பது எட்டு நீளத்தையும் பதினோரு எட்டு அகலத்தையும் கடைசிக் கொத்தமல்லிப் பூ வரை வெட்டி அடுக்கி, சமையலறைக்குள் வைத்துவிட்டார். இருபது வாளி.

6

ஏழு மணிக்கு அவள் வந்தாள். முதலில் சமையலறைக்குப் போகவில்லை, வழக்கம்போலத் தோட்டத்துக்குப் போனாள்.

அங்கே வெட்டிய தண்டுகள் மட்டும் நின்றன.

இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டாள். அழவில்லையாம். அந்தப் படிவத்தின் மூன்றாவது வரிதான் ஞாபகம் வந்ததாம். மூன்று நாளாக எந்தச் சொல்லைப் பொய் என்று நினைத்துக்கொண்டிருந்தாளோ, அதை விடிவதற்குள் யாரோ உண்மையாக்கிவிட்டார்கள். இப்போது அந்த இடம் காலிதான்.

கொழுந்தன் கைகளைத் துடைத்தபடி சிரித்த முகத்தோடு வந்தார். "எப்படி அண்ணி? ஒண்ணு விடல."

அவள் குனிந்து ஒரு தண்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்ன அண்ணி? ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா?"

"தம்பி, இன்னும் ரெண்டு மணி நேரத்துல இருநூறு முந்நூறு பேரு சாப்பிட வருவாங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

"இருநூறு பேரா? யாரு அண்ணி? மேடத்தோட ஆளுங்களா?"

அவள் பதினாலாம் நம்பர் வண்டியின் நெற்றியைக் காட்டினாள். அவர் பார்த்தார். அப்புறம் தண்டுகளைப் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பது மணிக்கு அவை வந்தன. தண்டுகளின் மேல் வட்டமடித்தன. மேலே ஏறி, இறங்கி, மறுபடி பார்த்தன. வழக்கமான நிறுத்தத்தில் வண்டி வராதபோது பயணிகள் எப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்களோ அப்படி. ஒன்பதரைக்குள் ஒன்று சமையலறை ஜன்னலைக் கண்டுபிடித்தது. ஒன்று கண்டுபிடித்தால் எல்லாம் கண்டுபிடித்த மாதிரிதான். பத்து நிமிடத்தில் இருபது வாளியிலும் கூட்டம்.

மேனேஜர் வாசற்படி வரை வந்து, உள்ளே பார்த்து, மூன்றடி பின்னால் போனார். "ஐயையோ! மேடம் பத்து மணிக்கு வந்துடுவாங்க. மருந்து அடிக்கறவருக்கு போன் போடறேன்."

"போடாதீங்க சார்."

"பின்ன என்னம்மா பண்றது?"

அவள் வாளிகளைப் பார்த்தாள். அந்த நொடியில்தான் பாதியக்கா முழு அக்கா ஆனாள் என்று எழுத ஆசை—

(வேணாம்.)

எழுதவில்லை. அவள் சொன்னது இவ்வளவுதான்: "அதது இருந்த இடத்துக்கே கொண்டுபோய் வச்சுடலாம். ஆளுக்கு ஒரு வாளி. மெதுவா. நிறைஞ்ச சூப்புப் பாத்திரம் தூக்கற மாதிரி."

7

ஓட்டுநர்கள், கண்டக்டர்கள், மெக்கானிக்குகள் என்று அந்த நேரத்தில் பணிமனையில் இருந்தவர்கள் நானூறு பேர்.

(பத்தொன்பது.)

பத்தொன்பது பேர். தேனீக்களோடு சேர்த்து வாளியை நெஞ்சளவில் தூக்கிக்கொண்டு, மூச்சை அளந்து விட்டபடி சமையலறையிலிருந்து வெளியே வந்தார்கள். தோட்டத்துக்குப் போக முற்றத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். இருபதாவது வாளிக்கு ஆள் இல்லை. மேடத்தை வரவேற்க மேனேஜர் டையைச் சரிசெய்துகொண்டு தூணோரம் நின்றிருந்தார். சமையற்காரி நேராகப் போய், "சார், ஒரு நிமிஷம் பிடிங்க" என்று வாளியை அவர் கையில் வைத்துவிட்டாள். பிடித்துவிட்டார். பிடித்த பிறகுதான் வாளியில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். கீழே வைக்கலாம் என்றால் குனிய வேண்டும், குனிந்தால் முகம் பூவுக்குள் போகும். அப்படியே நின்றார்.

சரியாக அப்போது வாசலில் ஹாரன் சத்தம்.

இங்கே பணிமனையின் ஒரு விதியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். 'வெளி வண்டி உள்ளே நுழையும்போது முற்றத்தில் நடப்பவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். வண்டி தனக்குரிய இடத்தில் போய் நிற்கும்வரை அசையக் கூடாது.' கையெழுத்து, மேனேஜர். மீறினால் ஒரு நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைப்பார். தவறாமல் வைப்பார்.

இருபது பேரும் நின்றார்கள். வாசலிலிருந்து கேன்டீன் வரை, இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. கடுகின் மஞ்சள், முள்ளங்கியின் வெள்ளை, வெங்காயப் பூவின் ஊதா, பூசணியின் ஆரஞ்சு. நடுவில் வழி.

ஜீப் வாசலில் நுழைந்தது. குழியில் விழுந்தது.

நான் சொன்னேன் இல்லையா, குழியை ஞாபகத்தில் வையுங்கள் என்று.

முன்சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. வாசலுக்குள் பாதி வண்டி, வெளியே பாதி. விதிப்படி பார்த்தால் வண்டி இன்னும் நுழைந்துகொண்டிருக்கிறது. தனக்குரிய இடத்தில் போய் நிற்கவில்லை. ஜீப் ஓட்டுநர் இறங்கி, எட்டிப் பார்த்து, கூப்பிட்டார். "அண்ணே, யாராவது ஒரு கை குடுங்கண்ணே!"

ஒருவரும் அசையவில்லை.

"அண்ணே?"

"சாரிப்பா, ரூல்ஸு" என்றார் ஒரு கண்டக்டர், உதட்டை அசைக்காமல்.

மேடம் கதவைத் திறந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஐம்பது வயது, பருத்திப் புடவை, கையில் கோப்பு. நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு இரண்டு வரிசைக்கும் நடுவே மெதுவாக நடந்து வந்தார். ஒவ்வொரு வாளியிலும் பூ அசைந்தது, காற்று இல்லை. ஒவ்வொரு வாளிக்குப் பின்னாலும் கண்ணிமைக்காத ஒரு முகம். முன்னால் வந்தபோது மேனேஜரின் கண்கள் இறுக மூடியிருந்தன. மூக்கின் மேல் ஒரு தேனீ உட்கார்ந்து கால் துடைத்துக்கொண்டிருந்தது.

"வரவேற்பெல்லாம் எனக்குப் பிடிக்காதுன்னு எழுதியே அனுப்பியிருந்தேனே?"

"வரவேற்பு இல்ல மேடம்" என்றார் மேனேஜர், கண்ணைத் திறக்காமல். "சாப்பிட்டுட்டு இருக்காங்க."

"யாரு?"

"தேனீ மேடம்."

"எப்ப முடியும்?"

கேன்டீன் வாசலில், அதே விதிக்குக் கட்டுப்பட்டு அசையாமல் நின்றிருந்த சமையற்காரி பதில் சொன்னாள்.

"பத்தரைக்கு முடிச்சுடுவாங்க மேடம்."

"அப்புறம்?"

"அப்புறம் நமக்கு."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். பத்துக்கு ஐந்து நிமிடம். பக்கத்தில் கிடந்த டயர் ஒன்றின் மேல் கோப்பை விரித்து உட்கார்ந்தார். தனியாளாக ஜீப் ஓட்டுநர் செங்கல்லும் பலகையும் தேடி அடுக்கிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து நிமிடம். முப்பத்தாறு வருட அனுபவத்தில் சொல்கிறேன், அந்தப் பணிமனையில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. சரியாகப் பத்தரைக்கு வாளிகளிலிருந்து கடைசித் தேனீ கிளம்பியது. அதே நொடியில் ஜீப் குழியை விட்டு ஏறியது.

(ஜீப் பத்து இருபத்தெட்டுக்கே ஏறிடுச்சு. ஆனா யாரும் வாளியைக் கீழ வைக்கல. அதையும் எழுதுங்க.)

எழுதிவிட்டேன். அந்த இரண்டு நிமிடம் எந்த விதியிலும் இல்லாத இரண்டு நிமிடம். மேனேஜரும் வைக்கவில்லை.

8

சமையலறையில் மேடம் நாற்காலி வேண்டாமென்று அடுப்புக்கு அருகிலேயே நின்றார். சமையற்காரி வாளிகளிலிருந்து அன்றைக்கு வேண்டியதை எடுத்தாள்.

அரைத்த பட்டாணியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் பிசைந்து பூசணிப் பூக்களுக்குள் அடைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, விரலால் இரண்டு தட்டு.

"இது எதுக்கு?"

"உள்ள யாராவது இருந்தா இறங்கட்டும்னுதான் மேடம்."

ஏழாவது பூவைத் தட்டினாள். "இறங்குங்க, கடைசி ஸ்டாப்பு" என்றாள். பூவின் வாய் மெல்ல விரிந்தது. மகரந்தம் பூசிய ஒரு தேனீ தள்ளாடி வெளியே வந்து, அவள் கட்டை விரலில் கொஞ்ச நேரம் நின்று, ஜன்னல் வழியாகப் போனது.

மேடம் கையை நீட்டினார். "நான் ஒண்ணு தட்டிப் பாக்கட்டுமா?"

தட்டினார். யாரும் வரவில்லை. இன்னொரு முறை தட்டிவிட்டு, காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

வெங்காயப் பூ தூவிய சூப். முள்ளங்கிப் பூ ஆம்லெட். மாவில் முக்கிப் பொரித்த பூசணிப் பூ, கடித்தால் மொறுமொறுப்புக்கு அடியில் மெத்தென்று. கொத்தமல்லிப் பூவும் கடுகுப் பூவும் கலந்த சோறு. மேடம் ஓர் இதழ்கூட விடாமல் சாப்பிட்டார். தட்டு காலியானதும் — அந்தச் சொல்லைச் சமையற்காரி இங்கே மட்டும் அனுமதித்தாள் — கேட்டார்: "சரி, அந்த இடத்தைக் காட்டுங்க."

சமையற்காரியின் கை நின்றது. கொழுந்தன் தரையைப் பார்த்தார்.

எல்லோரும் பின்பக்கம் போனார்கள். வெட்டிய தண்டுகள். மண். சுவரோரம் பதினாலாம் நம்பர் வண்டி, 'சேவையில் இல்லை'. மேனேஜர் படிவத்தை நீட்டினார். மூன்றாவது வரியையும் எதிரே இருந்த மண்ணையும் மேடம் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம்" என்றாள் சமையற்காரி. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இன்னிக்கு இது காலிதான். நான் மறைக்கல. நேத்து வந்திருக்கணும் நீங்க. இல்ல, இன்னும் மூணு வாரம் பொறுத்து வந்தா தெரியும்."

"தப்பு என்னுது மேடம்" என்றார் கொழுந்தன். "அண்ணிக்குத் தெரியாம நான்தான் அத்தனையும் வெட்டினேன்."

மேடம் கோப்பை மூடினார்.

"இந்த இடத்தை நான் வாசல்லயே பாத்துட்டேனே" என்றார். "ரெண்டு பக்கமும் வரிசையா நின்னுச்சே. இங்கேயே இருந்திருந்தா ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு, ஏதோ களைன்னு கையெழுத்துப் போட்டுப் போயிருப்பேன்."

"மேடம், சிமென்ட்டுக்குச் சொல்லியாச்சு..." என்றார் மேனேஜர்.

"வரட்டும். வாசல்ல ஒரு குழி இருக்கு. எவ்வளவு ஆழம்னு என் முதுகுக்குத் தெரியும்."

யார் முதலில் கத்தியது என்று தெரியவில்லை. ஒரு வாளியில் யாரோ தட்டினார்கள், அப்புறம் இருபது வாளியும் மேளமாகின. ஓடாத பதினாலாம் நம்பருக்குள் ஏறி ஒருவர் ஹாரனை அமுக்கினார். நான்கு வருடமாகப் பாட்டரி இல்லாத அந்த ஹாரன் ஒலித்தது.

(ஒலிக்கல.)

ஒலித்தது. இந்தப் பக்கத்தில் இது என்னுடைய பாதி.

9

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவில் தேனீக்கள் கூட்டமாக வந்து படிவத்தில் தேனால் முத்திரை குத்தின. இரண்டாவதில் பதினாலாம் நம்பர் வண்டி தானாகவே கிளம்பி, நெற்றியில் 'தேன்' என்ற பலகையோடு ஊரைச் சுற்றி வந்தது. மூன்றாவதில் மேனேஜர் வேலையை விட்டுவிட்டுத் தேனீ வளர்ப்பாளராகிவிட்டார்.

மூன்றையும் அவள் கிழித்துவிட்டாள். மேனேஜர் இன்னமும் பயப்படுகிறாராம். ஆனால் தினமும் பத்தரைக்குத் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மட்டும் நீட்டிப் பார்க்கிறாராம். கொழுந்தன் இப்போதெல்லாம் ஐந்து மணிக்கே வருகிறார், கையைக் கட்டிக்கொண்டு பாத்தியோரம் உட்கார்ந்திருக்கிறார். வாசலில் குழி இல்லை. வாத்து ஒரு தடவை வந்து தேடிவிட்டுப் போனது.

(இது உண்மைதான். பாவம்.)

உண்மையில் நடந்தது இது. மேடம் படிவத்தில் 'காலி' என்பதைக் கோடு போட்டு அடித்தார். பேனாவைச் சமையற்காரியிடம் கொடுத்தார். "நீங்களே எழுதுங்க. நீங்க என்ன எழுதறீங்களோ அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடறேன்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, படிவத்தை முதல் முறையாக நேராகத் திருப்பி வைத்து, எழுதினாள். மேடம் படித்தார். வாய்விட்டுச் சிரித்தார். கையெழுத்துப் போட்டார். படிவம் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது.

என்ன எழுதினாய் என்று ஆறு மாதமாகக் கேட்கிறேன். அரை டம்ளர் டீயை வைத்துவிட்டுப் போகிறாளே தவிர, வாய் திறப்பதில்லை. நானே ஒன்றைக் கற்பனை செய்து எழுதியிருப்பேன். ஆனால் கணக்குப் பார்த்ததில், இந்தக் கதைக்கு அனுமதித்த பொய்யெல்லாம் ஹாரனோடு தீர்ந்துவிட்டது.

ஆகவே அந்த வரியை அச்சடித்த நிலையிலேயே உங்களிடம் தருகிறேன். பேனாவை எடுங்கள். ஆனால் எழுதும் முன் மணியைப் பாருங்கள், பத்தரை தாண்டியிருக்க வேண்டும். கோட்டில் பாதியை மட்டும் நிரப்புங்கள். மீதி உங்களுக்கு இல்லை.

இடத்தின் தற்போதைய பயன்பாடு: ______________________